பெருக்காத மூலை

மாசி 20

வேம்பு உதிர்க்கத் தொடங்கிவிட்டது. விடியற்காலையில் வாரியலோடு இறங்கினால் முற்றம் முழுக்க மஞ்சளாய்க் கிடக்கிறது. தூத்து முடித்து நிமிர்வதற்குள் பின்னால் இன்னொரு படுகை விழுந்திருக்கும். மாசியும் பங்குனியும் எங்கள் ஊரில் வாரியலுக்கு ஓய்வில்லாத மாதங்கள். வீட்டுக்கு வீடு சருகைக் குவித்துத் தீ வைக்கிறார்கள். ஏழு மணிக்குள் தெருவெல்லாம் புகை.

நான் பெருக்குவது வாசலையும் கிணற்றடியையும் துணி காயப்போடும் இடத்தையும் மட்டும். புறவாசலின் வடமேற்கு மூலையில், பூவரசும் பலாவும் சேர்ந்து நிழல் கட்டியிருக்கும் இடத்தில் வாரியல் படுவதில்லை. பத்தடிக்குப் பதினைந்தடி இருக்கும். அங்கே கணுக்கால் மூழ்கச் சருகு. முற்றத்தில் கூட்டியதையும் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டுகிறேன்.

இன்று காலை அந்த மூலையிலிருந்து இரண்டே சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டது. ஆறுமணிக் குருவி இன்னும் கிளம்பவில்லை.

பங்குனி 3

இன்று அது முழுசாகக் கண்ணுக்குக் கிடைத்தது. கிணற்றுத் தொட்டியின் மறைவில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் மரத்துப் போன நேரத்தில் பலாவின் வேரடியில் ஒரு சருகு புரண்டது. பிறகு இன்னொன்று.

மைனாவைவிடச் சிறிய உருவம். வாலை யாரோ பாதியில் நறுக்கிவிட்டது போல் அவ்வளவு கட்டை. பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, வெள்ளைத் தொண்டை, கண்ணை ஒட்டி ஓடும் அகலமான கறுப்புப் பட்டை, இறக்கையில் நீலத் தீற்றல், வாலடியில் குங்குமச் சிவப்பு. வட இந்தியாவில் இதற்கு ஒன்பது நிறம் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் புத்தகங்களில் தோட்டக்கள்ளன் என்றும் இருக்கிறது. உலகமெங்கும் பறவை நூல்களில் வழங்கும் பிட்டா என்ற பெயர் தெலுங்கிலிருந்து போனது. தெலுங்கில் அதற்குச் சிறு பறவை என்று பொருள். எங்கள் பக்கத்துப் பெயர்தான் எனக்குப் பிடித்தது. காலையில் விடியும்போதும் மாலையில் அடையும்போதும் கூவுவதால் ஆறுமணிக் குருவி. நிறத்தைப் பார்க்காமல், குரலை மட்டும் கேட்டுக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்த யாரோ வைத்த பெயராக இருக்க வேண்டும்.

அது தத்தித் தத்தி இரண்டு எட்டு வைக்கும். நிற்கும். தலையைச் சாய்க்கும். அலகால் ஒரு சருகைப் பிடித்துப் பக்கவாட்டில் எறியும். அடியில் இருப்பது மண்புழுவோ வண்டின் புழுவோ, எடுத்துக்கொண்டு அடுத்த சருகுக்குப் போகும். சிமெண்டுத் தரையிலும் கூட்டித் தெளித்த முற்றத்திலும் அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடையாது.

பங்குனி 18

நான்கு நாளாகச் சீழ்க்கை இல்லை. கிளம்பிவிட்டது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டும் பறவை இது. குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறந்து வரும். வந்து இறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுக்குள் நுழைந்துவிடுவதும், கண்ணாடி ஜன்னலில் மோதிக் கீழே கிடப்பதும் உண்டு. அப்படிக் கிடந்தால் ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் விட்டாலே பெரும்பாலும் தெளிந்து பறந்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இந்த மூலையின் கதையை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

அம்மா இருந்த காலம் முழுக்க அங்கே வாரியல் போட விட்டதில்லை. விடுமுறைக்கு வரும்போது நான் கை வைத்தால் அடுப்பங்கரையிலிருந்தே சத்தம் வரும்: "அங்க வாரியல் போடாதட்டி, அங்க ஆளு இருக்கு." யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஏதோ சாமி நம்பிக்கை என்று நானும் கேட்டதில்லை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அம்மா போன வருஷம், ஓய்வு பெற்று ஊருக்கு வந்த கையோடு, அந்த மூலையைச் சுத்தம் செய்தேன். புரட்டாசி மாதம். இரண்டு ஆள் வைத்து ஒருநாள் முழுக்க வாரிக் குவித்து மாலையில் தீ வைத்தேன். மேலே காய்ந்த சருகு படபடவென்று எரிந்தது. அடியில் ஈரம் இருந்ததால் இரவெல்லாம் புகைந்தது. மறுநாள் சாம்பலைக் கிளறும்போது ஒரு தேரை கிடைத்தது. கருகிச் சுருண்டிருந்தது. சுற்றிலும் வெளுத்துப்போன நத்தை ஓடுகள், வளையம் வளையமாக மரவட்டைகள். எத்தனை என்று எண்ணவில்லை. மண்வெட்டியால் மூடிவிட்டேன்.

அந்த ஐப்பசியில் சீழ்க்கை கேட்கவில்லை. கார்த்திகையிலும் இல்லை. சிறுவயதிலிருந்து எங்கள் வீட்டு மாலை நேரத்தோடு சேர்ந்து வந்த ஒரு சத்தம், அது இல்லாமல் போனபோதுதான் எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அம்மா சொன்ன ஆள் யார் என்றும் தெரிந்தது.

தீ வைத்ததால்தான் வரவில்லை என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் பறந்து வரும் ஒரு குருவிக்கு வழியில் எதுவும் நேரலாம். ஆனால் வந்திருந்தாலும் தின்ன இங்கே எதுவும் இருந்திருக்காது. அடுத்த மாசியிலிருந்து சருகைச் சேர்க்க ஆரம்பித்தேன். முதல் வருஷம் தவிட்டுக்குருவிகள் மட்டும் வந்து கலைத்துவிட்டுப் போயின. இரண்டாம் வருஷம் அரணையும் தேரையும் திரும்பின. மூன்றாவது ஐப்பசியில் ஒரு மாலை, விளக்கேற்றும் நேரத்தில் அந்தச் சீழ்க்கை கேட்டது. கையில் தீப்பெட்டியோடு அப்படியே நின்றேன்.

சித்திரை 11

வெயில் ஏறிவிட்டது. கிணற்றில் தண்ணீர் அடிப்படிக்குப் போய்விட்டது. செடிக்கு ஊற்றத் தயக்கமாக இருக்கிறது. கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் பாத்திரம் கழுவிய தண்ணீர்.

வேப்ப நிழலில் ஒரு மண்தொட்டி வைத்திருக்கிறேன். காலையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டுக்கொண்டே குளிக்கும். பிறகு மைனா. வெயில் உச்சிக்கு வந்தபின் செம்போத்து, தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்பதுபோல வேலியோரமாக நடந்து வரும். கீரி வந்தால் மட்டும் தொட்டி காலியாகும். நேற்று தாயும் இரண்டு குட்டிகளும் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி வரிசையாகப் போயின.

வைகாசி 6

காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினாள். தொழுவத்துக்குப் பின்னால் இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு நின்றன. ஆளுயரத்தில் பாதிக்கு எழும்பி, ஒன்றையொன்று அழுத்திச் சாய்த்து, மீண்டும் எழும்பி, முக்கால் மணி நேரம். "நல்லதும் சாரையும் சேருது, துணியைப் போடு மேல" என்றாள் பெரியம்மா. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். உண்மையில் இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். இது மல்யுத்தம். தோற்றது விலகிப் போய்விடும். நல்லபாம்புக்கும் சாரைக்கும் சம்பந்தமே இல்லை. சாரைக்கு விஷமும் இல்லை. எலியைத் தின்று நம் நெல்லைக் காப்பாற்றுவது அது.

பெரியம்மாவுக்கு என் மூலை மீது பல வருஷக் கோபம். "சருகைப் போட்டு வச்சா பூச்சிபொட்டு அடையாதா?" என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் எங்கள் பக்கத்தில் உண்டு. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள்ளேயே வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்ததே பல சமயம் தெரியாது. அதனால் சில ஏற்பாடுகளில் நான் தளர்வதில்லை. மூலைக்கும் வீட்டுக்கும் நடுவே நாற்பதடிக்கு மேல் வெறும் தரை, தினமும் பெருக்கியது. சுவரை ஒட்டி விறகோ செங்கல்லோ அடுக்குவதில்லை. இருட்டினால் டார்ச் இல்லாமல் இறங்குவதில்லை. மூலையில் வெறுங்கையை விடுவதில்லை. கடித்துவிட்டால் மந்திரிக்கப் போகாமல் நேரே அரசு ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துத்தான் தயாராகிறது.

ஆனி 27

சாரல் பிடித்துவிட்டது. மேற்கே மலை தெரியவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசுகிறது. வாழை இலையெல்லாம் கிழிந்து தோரணமாகிவிட்டது. கேரளத்தில் கொட்டும் மழையின் மிச்சம்தான் மலையைத் தாண்டித் தூறலாக எங்களுக்கு வருகிறது. குற்றாலத்தில் அருவி விழுவது இந்த மிச்சத்தில்தான். இங்கே கிழக்கே தள்ளியிருக்கும் எங்களுக்கு மண்ணின் மேல்தோல் நனையும். கிணறும் குளமும் நிறைய ஐப்பசிக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆடி 4

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை அம்மா ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுவையில் போட்டுவைத்த விதைகளை நேற்று எடுத்தேன். அவரை, பீர்க்கு, சுரை, புடலை, பாகல். குழி ஒன்றுக்கு மூன்று விதை. பழைய சாணமும் மூலைச் சருகின் அடியில் கிடந்த கறுப்பு மண்ணும் கலந்தேன். அந்த மண்ணைக் கையில் எடுத்தால் முதல் மழையின் வாசனை.

மயிலுக்காகக் குழிமேல் உடைமுள் வெட்டிக் கவிழ்த்திருக்கிறேன். 1963இல் மயில் தேசியப் பறவையானது. என் சிறுவயதில் மயிலைப் பார்க்க மலையடிவாரம் போக வேண்டும். இப்போது பெரியம்மா வீட்டு மாடியில் உலாத்துகிறது. முளையை நுனியோடு கொத்திவிடும். நிலக்கடலை போட்டவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். நரி இருந்த காலத்தில் இத்தனை மயில் இல்லை என்கிறார்கள் வயதானவர்கள். விரட்டத்தான் வேண்டும். விஷம் வைப்பதைக் கேள்விப்படும்போது மனம் நடுங்குகிறது. அந்த விஷம் மயிலோடு நிற்பதில்லை. காடையும் புறாவும் அணிலும் அதே தானியத்தைப் பொறுக்குகின்றன.

ஆவணி 22

பந்தல் மூடிவிட்டது. மாலையில் அதன் அடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்வது இந்த மாதத்தின் என் வழக்கம்.

எங்கள் பந்தலில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பூசணியும் பாகலும் விடியலில் மலர்ந்து தேனீயை அழைத்து, வெயில் ஏறியதும் வாடிவிடும். பீர்க்கு அதற்கு எதிர். நாள் முழுக்க மொட்டாக இருந்து, பொழுது சாயும்போது மஞ்சளாய் விரியும். சுரையும் அந்தியில்தான். வெள்ளை வெளேரென்று மெல்லிய துணி மாதிரி. கடைசியில் புடலை. நன்றாக இருட்டிய பிறகு, இதழ் ஓரத்தில் நூல்நூலாகப் பிரிந்த வெள்ளைப்பூ. அந்திக்கும் இரவுக்கும் பூப்பவை அந்துப்பூச்சிக்காகப் பூக்கின்றன. நேற்று ஏழு மணிக்குச் சுரைப்பூவின் முன்னால் ஒரு பெரிய அந்துப்பூச்சி, தேன்சிட்டு போல ஒரே இடத்தில் பறந்து நின்று, தன் உடம்பளவு நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே விட்டது. இறக்கையின் காற்று என் கன்னத்தில் பட்டது.

பந்தல் பக்கம் இருந்த மின்விளக்கைப் போன வருஷமே கழற்றிவிட்டேன். அந்த வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றி வந்து விடியும்போது தரையில் செத்துக் கிடந்தவை, பூவுக்குப் போக வேண்டியவை.

அவரை மட்டும் கொடியாக ஓடுகிறது. ஒரு மொட்டு இல்லை. அது அப்படித்தான். பகல் குறைந்து இரவு நீண்டால்தான் நாட்டுக் கொடியவரை பூக்கும். எங்கள் ஊரில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரம் நாள்தோறும் சில நொடிகளாகக் கரைவதை அவரை அறிந்துகொள்கிறது. எந்தப் பட்டத்திலும் காய்க்கும் குத்தவரை ரகங்கள் இப்போது இருக்கின்றன, நல்ல விளைச்சல். நான் கொடியவரையைத்தான் போடுகிறேன். பனி விழும் மார்கழி விடியலில், ஊதாப் பூவும் காயுமாகக் கொடி குளிர்ந்து நிற்கும்போது பறித்துச் செய்யும் துவட்டலுக்கு வேறு சுவை.

புரட்டாசி 9

கறிவேப்பிலையில் எச்சம். விரலால் தட்டிவிடப் போனேன். அது நகர்ந்தது.

வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இருந்து, கடைசித் தோலை உரித்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்புக் கொம்பை நீட்டும். அழுகிய எலுமிச்சை போல ஒரு வாடை. ஏழெட்டுப் புழுக்கள் சேர்ந்து ஒரு கிளையை மொட்டையாக்கிவிட்டன. கறிவேப்பிலை மறுபடி துளிர்க்கும். நாற்று மட்டும் தாங்காது. நாற்றில் இருந்த மூன்றை எடுத்துப் பெரிய மரத்தில் விட்டேன்.

இப்படிக் குறித்துவைக்கும் பழக்கம் மா. கிருஷ்ணனைப் படித்ததால் வந்தது. 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காகத்தையும் அணிலையும் ஓணானையும் பற்றி எழுதினார். காட்டுக்குப் போக முடியாத என் போன்றவர்களுக்கு அது பெரிய தைரியம்.

ஐப்பசி 2

நேற்று மாலை மழை இறங்கியது. சாரல் இல்லை, மழை. கிழக்கே இருந்து இருட்டிக்கொண்டு வந்து ஒன்றரை மணி நேரம் அடித்தது. நின்றதும் மூலையிலும் வேலியோரப் புற்றிலும் மண் திறந்து ஈசல் புறப்பட்டது. கரிச்சான் மின்கம்பியிலிருந்து பாய்ந்து பாய்ந்து பிடித்தது. அணில், காகம், மைனா, வாசல்படியில் தேரை, சுவரில் பல்லி, எல்லோருக்கும் ஒரே பந்தியில் விருந்து. முன்பெல்லாம் நாங்களும் அந்தப் பந்தியில் இருந்தோம். ஈசலை வறுத்துப் பொரியரிசியோடு கலந்து அம்மா தருவாள்.

இரவு மின்விசை போய்விட்டது. சருகு மூலையில் மூன்று மின்மினிகள். மின்மினியின் புழு ஈரச் சருகுக்கு அடியில் நத்தையையும் புழுவையும் தின்று வளர்வது. அன்று சாம்பலில் நான் பார்த்த நத்தை ஓடுகள் நினைவுக்கு வந்தன.

ஆறுமணிக் குருவி கேட்கவில்லை.

ஐப்பசி 7

இன்றும் இல்லை. காலையில் ஐந்தே முக்காலுக்கே எழுந்து கிணற்றடியில் உட்கார்ந்தேன். வாலாட்டிக் குருவி ஒன்று வந்து ஈரத்தரையில் வாலை ஆட்டிவிட்டுப் போனது. மாங்குயிலின் குரல் எங்கோ கேட்டது. வர வேண்டிய மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

ஐப்பசி 11

மாலையில் பெரியம்மா சுவரோரம் வந்து நின்றாள். கையில் வாரியல்.

"ஏட்டி, உன் குருவி எங்க மாமரத்துக்குக் கீழல்லா கூவுது. மூணு நாளாச்சு. உன் வீட்டை விட்டுட்டு இங்க என்னத்துக்கு வந்துச்சு?"

போய்ப் பார்த்தேன். பெரியம்மாவுக்கு ஆவணியிலிருந்து இடுப்பு வலி. குனிந்து பெருக்க முடியவில்லை. மாமரத்தடியில் இரண்டு மாதச் சருகு, மழையில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் ஒரு சருகு புரண்டது. பச்சை முதுகு. கட்டை வால்.

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எழுபத்தெட்டு வயதில் அவள் அதைக் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. குரலைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். "இம்புட்டு அழகா?" என்றாள் மெதுவாக. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு ஆளு வச்சுத் தூத்துப்போடலாம்னு இருந்தேன்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மணி ஆனது. அது பூவரசுப் பக்கமாகத் திரும்பி இரண்டு முறை சீழ்க்கை அடித்தது.

ஐப்பசி 15

பெரியம்மா வீட்டு மாமரத்தடி இன்னும் பெருக்காமல் கிடக்கிறது.